ஜாலண் கோயில்காட்டுக்கு ஒரு லேசான சாபம்

1

ஒரு சாபத்தின் விலை நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் ஒன்பதாயிரம் சொன்னேன். டூங்கர்ராம் ஆயிரத்தில் தொடங்கினான். இடையில் நான்கு தேநீர் ஆயிற்று. ஒருமுறை அவன் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய், நான் கூப்பிடாததால் தானே திரும்பி வந்தான். ஏழு தலைமுறைக்குப் பலிக்கும் என்று உத்தரவாதம் கொடுத்த சரக்குக்கு இது அடிமாட்டு விலை. சாபத்துக்குச் சந்தை நிலவரம் என்று ஒன்று கிடையாது. அதனால், ஏமாந்தது தான்தான் என்று நாங்கள் இருவருமே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் இதை நல்ல வியாபாரம் என்போம்.

நீங்கள் வாசிக்கும் இந்தக் கதை அந்தச் சாபத்தைத் தைத்தபோது மிஞ்சிய துண்டுத் துணிகளால் ஆனது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தையல் தெரிகிறதே என்று யாரும் கடைக்கு வரக்கூடாது.

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் எனக்குப் பழைய கதவுகள் விற்கும் கடை.* ‘பழைய’ என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவோடும் அதன் கதையை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: எந்த மாளிகை, எந்த மணப்பெண், எந்தத் தீ விபத்து. கதவைவிடக் கதைதான் சீக்கிரம் தயாராகும். இது ஊருக்கே தெரியும் என்பதால்தான் டூங்கர்ராம் என்னிடம் வந்தான்.

(* பிறந்ததும் வாய்ப்பாடு படித்ததும் சென்னை சவுக்கார்பேட்டையில். இருபத்தாறு வருடமாக இங்கே. கணக்கு மார்வாடியில் வரும், கதை தமிழில் வரும். அடிக்குறிப்பு என்று போட்டுவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.)

2

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று தாள்கள் வீணாகின.

முதல் தாள்: “அந்திச் சூரியன் தங்க நகரத்தின் மேல் தன் கடைசிக் கதிர்களைச் சொரிந்தபோது, தொலைவில் ஒட்டகங்களின் வரிசை...”

இந்த வாக்கியம் ஊரின் எல்லா ஓட்டல் சுவர்களிலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. கிழித்தேன்.

இரண்டாவது: “டூங்கர்ராம் தன் பங்கு ஒட்டகங்களை விற்று ஜீப் வாங்கிய அன்று, அவனுடைய அண்ணன் வர்தாராம் அவனோடு பேசுவதை...”

உண்மைதான். ஆனால் வர்தாராம் வருடத்தில் எட்டு மாதம் மீதி ஒட்டகங்களோடு எங்கோ மேய்ச்சலில் இருப்பவர். அவரைக் கதைக்குள் இழுத்தால் ஒட்டகங்களும் வரும்; எனக்கு அத்தனை இடமில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும். அவர் மனைவி சுகணி மட்டும் போதும். போதும் என்ன, எனக்கு அதுவே அதிகம். அதை நான்காம் பகுதியில் பார்ப்பீர்கள்.

மூன்றாவது தாளில் ஜீப் ஓடியது, ஆகவே வைத்துக்கொண்டேன்.

டூங்கர்ராமின் ஜீப்புக்குப் பின்னால் ‘யாரும் பார்க்காத ஐந்து இடங்கள்’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும். மணல்மேட்டுக்கும் கோட்டைக்கும் ஊரே வண்டி விடுகிறது. நாம் வேறு வழியில் போவோம் என்பது அவன் கணக்கு. லோத்ருவாவின் இடிந்த தலைநகரம், ஆகலில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள், ராஜாக்களை எரித்த இடத்துக் கல் மண்டபங்கள், பாலிவால் பிராமணர்கள் வெட்டிவிட்டுப் போன, ஆள் அண்டாத ஒரு கிணறு, கடைசியாக அவனுடைய சொந்த ஊர் ரித்காவின் ஜாலண் தேவி கோயில்காடு. வண்டியில் ஏறியவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: “குல்தரா போவியா? அங்கதான் சாபம் இருக்காமே?”

ஓர் ஊர் ஜனம் ஒரே இரவில் காலி செய்துபோனதாகச் சொல்லப்படும் இடம் அது. அங்கே இருப்பது கூரையில்லாத சுவர்கள். வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கோயில்காட்டுக்கு அவன் கூட்டிப்போன அகமதாபாத் குடும்பம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

“இங்க என்னப்பா பாக்கறது?”

“மரம், சார்.”

“மரம் எங்க ஊர்லயும் இருக்கே.”

“வர்ற வழியில எத்தனை பாத்தீங்க?”

அவர் யோசித்தார். “ஒண்ணும் பாக்கலியே.”

“அதான் சார் பாக்கறது.”

அதற்கும் இறங்கவில்லை.

அந்த ஆவணி மாதத்தில்தான் காட்டின் மேற்கு ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த அளவுக்கல் ஒன்றை டூங்கர்ராம் பார்த்தான். தள்ளி இன்னொன்று. எழுபது கல் எண்ணிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு நேரே நிலக்கணக்கு பார்க்கும் பட்வாரியிடம் போனான். பட்வாரி லூண்கரண் நிலப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கெட்ட மனிதர் இல்லை. எழுதியிருப்பதை மட்டும் வாசிப்பவர்.

“தரிசு நிலம், விளைச்சல் ஒண்ணுமில்லைன்னு இருக்குப்பா. சூரிய மின்சாரத் தகடு போட ஒரு கம்பெனி கேட்டிருக்கு. ஹோலி கழிஞ்சு விசாரணை. உங்ககிட்ட காகிதம் ஏதாவது இருந்தா கொண்டாங்க.”

“ஐநூறு வருஷக் காடுங்க. காகிதம் எதுக்கு?”

“அதையே ஒரு காகிதத்துல எழுதிக் கொண்டா.”

‘விளைச்சல் ஒண்ணுமில்லை’ என்று எழுதவைத்தது ரித்கா ஊரேதான். அறுபது வருடத்துக்கு முன் நில அளவைக்கு வந்த குமாஸ்தா, இந்தக் காட்டிலிருந்து வருடத்துக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பதினோரு பேர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “ஒரு சுள்ளிகூட எடுப்பதில்லை” என்றார்கள். உண்மை. பெருமைக்குரிய உண்மை. அந்தக் காட்டில் ஆடும் ஒட்டகமும் மேயலாம், இலந்தைப்பழம் உதிர்த்துத் தின்னலாம். கொட்டையை உள்ளேயே துப்ப வேண்டும். வெளியே வரும்போது தலைப்பாகையை உதறி, செருப்பைத் தட்டி, ஆட்டு மயிரில் ஒட்டிய முள்ளைக்கூடப் பிடுங்கிப் போட்டுவிட்டு வர வேண்டும். குமாஸ்தா இவை எதையும் எழுதவில்லை. பதிவேட்டின் கட்டத்தில் இருந்த இடம் இரண்டு சொல்லுக்குத்தான்.

சுகணியின் நாற்பத்தாறு ஆடுகள் கோடையைத் தாண்டுவது அந்தக் காட்டால்தான். வர்தாராமின் ஒட்டகங்கள் மழைக்குத் திரும்பி வருவதும் அங்கேதான். காடு போனால் ஆடு போகும்; ஆடு போனால் சுகணி ஜெய்சல்மேரில் யாருடைய ஓட்டலிலாவது பாத்திரம் தேய்ப்பாள். டூங்கர்ராம் இதைச் சொன்னபோது என் கடையின் புதிய பழைய கதவு ஒன்றில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அதன் சாயம் அவன் சட்டையில் ஒட்டியதை இருவருமே கவனிக்காதது போல் இருந்தோம்.

3

“சேட்ஜி, குல்தராவுல ஒரு கல்லைத் தொட முடியுமா? தொடமாட்டான். ஏன்? சாபம். நம்ம காட்டுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. பேர் பரவட்டும். நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் கை வெப்பான்?” என்றான் டூங்கர்ராம்.

“எடுப்பவன் கண் அவிந்துபோகும்” என்று ஆரம்பித்தேன்.

“ஐயோ, கண்ணெல்லாம் வேணாம். டூரிஸ்ட் எவன் வருவான்?”

“வம்சம் அழியும்.”

“புதுசாக் கல்யாணம் ஆனவங்கதான் அதிகம் வர்றாங்க, சேட்ஜி. கொஞ்சம் லேசா.”

“மூன்று நாள் காய்ச்சல்.”

“அது மணல்மேட்டு ஓட்டல்ல சாப்பிட்டாலே வருது. எங்க சாபம்னு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் சரக்கைத் தடவிப் பார்க்கத் தெரிந்தவன். நான் தேநீரை ஓரமாக வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தேன். லேசாக இருக்க வேண்டும். நிச்சயம் பலிக்க வேண்டும். மாற்று இருக்க வேண்டும். மாற்று இல்லாத சாபம், விற்ற சரக்கைத் திருப்பி எடுக்காத கடை மாதிரி. ஜனம் பயப்படும், ஆனால் மதிக்காது.

கடைசியில் இப்படி எழுதினேன்: ஜாலண் தேவியின் காட்டிலிருந்து ஒரு சுள்ளியை எடுத்துப்போகிறவன் வீட்டிலிருந்து ஏதோ ஒரு பொருளை அவள் எடுத்துக்கொள்வாள். சுள்ளி திரும்பி வரும்வரை பொருள் திரும்பாது.

டூங்கர்ராம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். மெல்லச் சிரித்தான்.

“சேட்ஜி, எல்லா வீட்லயும் ஏதாவது காணாமப் போய்க்கிட்டேதானே இருக்கும்?”

“அதனால்தான் ஒன்பதாயிரம்” என்றேன்.

4

இந்தப் பகுதியில் எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் சுகணியை நரைத்த கூந்தலும் சுருங்கிய முகமும் கொண்ட, குறைவாகப் பேசி நிறையப் புரிந்துகொள்ளும் பெண்ணாக எழுதியிருந்தேன். காட்டின் காவல் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? டூங்கர்ராம் அந்தத் தாளைக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டான். மறுநாளே ஜீப்பில் வந்து இறங்கினாள்.

“எனக்கு நாப்பத்து மூணு வயசு சேட்ஜி. ஒரு முடி நரைக்கல. என்னை எதுக்குக் கெழவி ஆக்கினீங்க?”

“கதைக்குக் கொஞ்சம் கனம் வேண்டியிருந்தது.”

“கனம் வேணும்னா உங்களைப் போட்டுக்க வேண்டியதுதானே?” என் வயிற்றைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “இந்த ஆளுக்குப் போயி நாலாயிரத்து ஐந்நூறு குடுத்திருக்கீங்களே கொழுந்தனாரே, அதுல எனக்கு ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்.”

“அண்ணி, ஆட்டை எங்க மேய்ப்ப? காடு போயிடுச்சுன்னா?”

“அதுக்காக? தேவிக்கு வேற வேலை இல்லையா? அடுத்தவன் வீட்டுச் சாவியையும் செருப்பையும் தூக்கிட்டு ஓடறதுதான் அவ பொழப்பா?”

“இது சும்மா விளம்பரம் அண்ணி.”

“ஐநூறு வருஷமா யாரும் எடுக்கல. பயந்துக்கிட்டா எடுக்கல? எடுக்கறதில்ல, அவ்வளவுதான். சாபம்னு ஒண்ணு சொன்னா, பலிக்குதான்னு பாக்கறதுக்கே நாலு பேர் ஒடிப்பான்.”

(அவளைத் திருத்தி எழுதிவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. அதிகமாகப் பேசுவாள். டூங்கர்ராம் தன்னையும் இன்னும் நாலு விரல் உயரமாக்கச் சொல்லிக் கேட்டான். அதற்குத் தனிக் கட்டணம் என்றேன், விட்டுவிட்டான்.)

5

நாலு பேர் அல்ல.

தீபாவளிக் கூட்டத்தில் ஜெய்ப்பூர்ப் பையன் ஒருவன், டூங்கர்ராம் ஜீப்பில் சொன்ன சாபத்தைக் கேட்டுவிட்டு, “இதோ எடுக்கறேன், என்ன ஆகுது பாக்கலாம்” என்று செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே வன்னியின் சுள்ளியை ஒடித்தான். அது பரவியது. மார்கழியில் கோயில்காட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. டூங்கர்ராம் ஜீப்பிலிருந்த ‘ஐந்து இடங்கள்’ எழுத்தை அழித்துவிட்டு ‘சாபக் காடு’ என்று மட்டும் எழுதினான். வந்தவர்கள் தலையை உதறவில்லை, செருப்பைத் தட்டவில்லை. தேவியைச் சீண்டிவிட்டு, சிரித்துக்கொண்டு ஏறிப்போனார்கள்.

சுகணி தினமும் ஆடுகளோடு மரம் மரமாகப் போய், புதிதாக ஒடிந்த முனைகளைத் தொட்டு எண்ணினாள். கொழுந்தனோடு பேசுவதை நிறுத்தினாள். ரொட்டி மட்டும் வைப்பாள், ஊறுகாய் இல்லாமல். அந்த வீட்டில் அதற்கு மேல் கோபம் கிடையாது.

டூங்கர்ராமுக்கு ரொட்டி இறங்கவில்லை. காட்டைக் காப்பாற்ற வாங்கிய சாமான் காட்டையே தின்கிறது. ஜீப்பில் வருகிறவர்களின் பையைச் சோதிக்க ஆரம்பித்தான். டெல்லிக்காரி ஒருத்தி போலீசைக் கூப்பிடுவேன் என்றாள். என்னிடம் ஓடி வந்து, “சாபத்தைத் திருப்பி எடுத்துக்குங்க” என்றான். விற்ற சாபத்தை எப்படித் திருப்பி எடுப்பது? அது இப்போது ஏழெட்டு மாநிலங்களில் இருக்கிறது.

[இங்கே நானும் வருந்தியதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. வாசித்துப் பார்த்தபோது ஒரு கதவோடு கொடுக்கலாம் போலிருந்தது, எடுத்துவிட்டேன்.]

தை மாதம் முதல் பார்சல் வந்தது. ‘ஜாலண் தேவி, கோயில்காடு, ரித்கா, ஜெய்சல்மேர் மாவட்டம்’ என்று முகவரி. உள்ளே ஒரு சுள்ளியும் நாசிக்கிலிருந்து ஒரு கடிதமும்: ‘என் பீரோ சாவியைக் காணவில்லை. தயவு செய்து மன்னிக்கவும்.’ மறுவாரம் மூன்று. பிறகு தபால்காரர் சைக்கிளை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். காணாமல் போனவை: மூக்குக் கண்ணாடி, வங்கி அட்டை, வலது காலுக்குரிய காலுறைகள், வாடகை ஒப்பந்தம், ஒரு நாய் (தானே திரும்பி வந்துவிட்டது, இருந்தாலும் அனுப்புகிறோம்). சூரத்திலிருந்து ஒருவர்: ‘சுள்ளியை எங்கோ போட்டுவிட்டேன். தெருமுனை மரத்திலிருந்து ஒன்று ஒடித்து அனுப்புகிறேன். அம்மன் பெரிய மனது வைத்து ஏற்றுக்கொள்ளவும்.’

டூங்கர்ராமால் வாசித்து மாளவில்லை. ஆனால் ஒவ்வொரு உறையின் மேலும் தபால் முத்திரை இருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில், மை சாட்சியாக, காட்டின் பெயர் இருந்தது. அறுபது வருடப் பதிவேட்டில் இல்லாத பெயர். அவன் இரண்டு கோணிப்பை வாங்கினான்.

6

விசாரணை காட்டின் ஓரத்தில் நடந்தது. பட்வாரி வன்னி மர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் வெள்ளைக் காரில் வந்தார். குளிர்சாதனத்தை விட்டு இறங்கவில்லை. ரித்கா முழுக்க நின்றது. நானும் நின்றேன், கொஞ்சம் பின்னால்.

டூங்கர்ராம் கோணிகளைக் கவிழ்த்தான். அறுபத்தொரு பார்சல். லூண்கரண் ஒவ்வொரு உறையையும் எடுத்து முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என் பதிவேட்டுல இந்தப் பேரே கிடையாது. தபால்காரனுக்கு எப்படிய்யா வழி தெரிஞ்சுது?”

“ஊருக்கே தெரியும் ஐயா. பதிவேட்டுக்குத்தான் தெரியாது” என்றான் டூங்கர்ராம். முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்த வசனம்.

பட்வாரி லேசாகத் தலையசைத்தார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று டூங்கர்ராமுக்குத் தோன்றியது. அப்போது அவர் சுகணியைக் கூப்பிட்டார்.

“நீதானேம்மா தெனம் உள்ள போறவ? இந்தச் சாபம் பூர்வீகமா உள்ளதா?”

டூங்கர்ராம் அண்ணியைப் பார்த்தான். ஒரே ஒரு ‘ஆமா’. பூர்வீகச் சாபம், பூர்வீகக் கோயில், பூர்வீகக் காடு; எல்லாம் ஒரே வரியில் எழுதிவிடலாம். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆடுகளை நினைச்சுக்கோ அண்ணி, என்று அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

“சாபம் பொய் ஐயா” என்றாள் சுகணி. “அதோ பின்னால ஒளிஞ்சு நிக்கறாரே, கதவுக்கடை சேட்ஜி, அவர் எழுதினது.”

ரித்கா முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. காரின் கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

“பொய்யின்னா, இவ்வளவு பேர் ஏன் திருப்பி அனுப்பினாங்க?” என்றார் பட்வாரி.

“எடுத்தது நெஜம்தானே ஐயா.”

பட்வாரி பேனாவை மூடினார். டூங்கர்ராம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சுகணி மட்டும் குந்தி உட்கார்ந்து பார்சல்களைப் பிரித்துச் சுள்ளிகளை இரண்டு குவியலாக்கினாள். ஒவ்வொன்றின் ஒடிந்த முனையையும் முகர்ந்து, முள்ளைத் தடவி: “இது குளத்தோரத்து வன்னி. இது அந்த ரெட்டை இலந்தை, ஆடு கடிச்ச தழும்பு பாருங்க. இது நம்முது இல்ல, வேம்பு. இது... என்னமோ கொய்யா மாதிரி இருக்கு. இது உகாய், மேக்கால.”

“நம்பச் சொல்றியா?” என்றார் லூண்கரண்.

“நம்ப வேணாம். வாங்க.”

சுள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரை உள்ளே கூட்டிப்போனாள். நாங்கள் வெளியே நின்றோம். ஒடிந்த முனையில் சுள்ளியை வைத்துப் பொருத்திக் காட்டியிருக்கிறாள். முதலில் ஒன்று, பிறகு அவரே கேட்டு இன்னொன்று, அப்படி ஏழு. அரை மணி கழித்து அவர் மட்டும் முன்னால் வந்தார். நாற்காலியை மடக்கப் போனவரைச் சுகணியின் குரல் நிறுத்தியது.

“ஐயா. முழங்காலுக்குக் கீழ.”

கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல் விதை. பட்வாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டுக்குள் போட்டார். எண்பது விதையாவது இருக்கும். கம்பெனிக்காரர் ஹாரன் அடித்தார். இவர் நிமிரவில்லை. பிறகு உட்கார்ந்து நிறைய நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டவில்லை.

7

இங்கேயே முடித்திருக்கலாம். குனிந்த பட்வாரி, ஹாரன், விதை. அழகான முடிவு, என் கடையில் இதற்கு எட்டாயிரம் சொல்வேன். அதனாலேயே கை வரவில்லை.

வேறு முடிவுகள் இருக்கின்றன, தடவிப் பாருங்கள்.

முடிவு அ: லூண்கரணின் அறிக்கை ஏற்கப்படுகிறது, அளவுக்கற்கள் பிடுங்கப்படுகின்றன, சுகணி ஊறுகாய் வைக்கிறாள். (ஊறுகாய் மட்டும் உண்மை. அன்று ராத்திரியே வைத்துவிட்டாள். பொய் சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சியதற்கு நாலு திட்டும் சேர்த்து.)

முடிவு ஆ: தகடுகள் வருகின்றன. அவற்றின் நிழலில் ஆடு படுத்துக்கொள்ளும், மேய எதுவும் இருக்காது. டூங்கர்ராம் ஜீப்பில் ‘யாரும் பார்க்காத நான்கு இடங்கள்’ என்று...

இதை எழுதி முடிக்கமாட்டேன்.

முடிவு இ: கோப்பு மேலே போயிருக்கிறது. இதுதான் நடந்தது. இதை முடிவு என்று யாரும் வாங்கமாட்டார்கள்.

நடுவில் எனக்கொரு வேலை வந்தது. விசாரணைக்கு மறுநாள் சுகணி கடைக்கு வந்து மேசைமேல் ஒரு கட்டு சுள்ளியை வைத்தாள். நம்முடையதில்லை என்று ஒதுக்கிய வேம்பும் கொய்யாவும் மற்றதும்.

“இதெல்லாம் திருப்பி அனுப்பணும். எழுதிக் குடுங்க.”

“எங்கே அனுப்ப?”

“வந்த எடத்துக்கு. அந்தந்த மரத்துக்கு. அடுத்தவன் மரத்துதை நம்ம எல்லைக்குள்ள எப்படி வெச்சுக்கறது?”

“தெருமுனை வேப்பமரம் இதைத் தேடிக்கொண்டா இருக்கும், சுகணி?”

“நீங்க சாவியைத் தேவி எடுத்தாள்னு எழுதினவர்தானே? இதை எழுத மட்டும் கை நோவுதா?”

எழுதினேன். கூலி கேட்கவில்லை, கேட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை யோசித்துக் கேட்கவில்லை. ‘அன்புள்ள ஐயா, இது எங்கள் மரத்தினுடையது அல்ல. தயவு செய்து ஒடித்த இடத்திலேயே போடவும். உங்கள் காலுறை கிடைத்துவிடும் என்று நம்புகிறோம்.’ நான் விற்ற கதைகளில் ஒரு பொய்கூட இல்லாதது இந்தக் கடிதம்தான். காலுறை வரியைத் தவிர.

முடிவை உங்களிடமே விடுகிறேன். பேரம் பேச வேண்டாம், இலவசம். ஆனால் கணக்கைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன். சுகணி சொல்லச் சொல்ல எழுதியது:

காட்டில் ஒடிந்த முனைகள்: தொண்ணூற்று நான்கு.
திரும்பி வந்த எங்கள் சுள்ளி: முப்பத்தெட்டு.
இன்னும் வர வேண்டியது: ஐம்பத்தாறு.

பிறர் மரத்துச் சுள்ளி வந்தது: இருபத்து மூன்று.
நாங்கள் திருப்பி அனுப்பியது: இருபத்திரண்டு.
அனுப்பியவர் முகவரி இல்லாமல் என் மேசையில் இருப்பது: ஒன்று. வேம்பு. உங்களுடையதானால் எழுதுங்கள்.

கோப்பு: ஒன்று. பங்குனி மாதம் எங்களிடமிருந்து போனது. வரவில்லை.